எட்டோடு நின்ற பாட்டு

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவள் நான். பேய், ஆவி என்று யாராவது வாயெடுத்தால் முகத்துக்கு நேரே சிரித்தவள். இப்போது சிரிப்பதில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸுக்கு மாதம் ஒருமுறை வருவான். ஒருநாள் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து ஸ்பானரால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

"வேலை பாக்குறீங்களா, கச்சேரி பண்றீங்களா?"

"ரெண்டும்தான். உங்களுக்கு எது லேட்டாகுது?"

அப்படி ஆரம்பித்தது. அவன் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. "நேரம் பாத்துச் சொல்றேன்" என்று தள்ளிக்கொண்டே இருந்தான். என் வீட்டில் சொன்னால் காலை ஒடித்து உட்கார வைத்துவிடுவார்கள். ஆக, எங்களை ஜோடியாகப் பார்த்த ஒரே மனிதர், நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே பைண்டிங் கடையில் வேலை செய்யும் அண்ணன்தான். கீழே கடை, நடுவில் இரண்டு மாடியும் பேப்பர் குடோன், மூன்றாவது மாடியில் என் ஒற்றை அறை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டால் கட்டடத்தில் நான் மட்டும்.

யாரோ வேண்டாமென்று போட்ட கிட்டார் ஒன்றைப் பிடித்து வந்து, ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டு சொல்லித் தருகிறேன் என்றான்.

"மூணே மூணு கார்ட், அதாவது ஒண்ணாச் சேத்து மீட்டுற சுரக்கட்டு. ஏ, டி, ஈ. மொத்தம் பன்னெண்டு பார். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை. இத வச்சே ஊர் உலகம் காலங்காலமா அழுதுட்டிருக்கு."

"அதென்ன பன்னெண்டு? பத்தோட நிறுத்தினா குறைஞ்சா போயிடுவாங்க?"

"பத்தோட நிறுத்தினா, மாடிக்கு வந்த லிஃப்ட் கதவத் திறக்காம நின்ன மாதிரி இருக்கும்."

முதல் நான்கு பாரில் ஒருத்தர் தன் குறையைச் சொல்கிறார். அடுத்த நான்கில் அதே குறையை இன்னும் அழுத்திச் சொல்கிறார். கடைசி நான்கில்தான் பதில். பன்னிரண்டாவது பாரில் ஏ-யிலேயே நின்றால் பாட்டு முடிந்துவிடும். ஈ-க்குப் போனால் திரும்ப முதலிலிருந்து போகலாம், விடிய விடியப் போகலாம். இப்படித்தான் விளக்கினான்.

"குறை சொல்ற எட்டு பார எனக்குச் சொல்லியே தர வேணாமே?" என்றேன்.

"அதானே. சண்டைக்காரிக்குப் பதில் சொல்றவன் பாடுதான் திண்டாட்டம்."

பாரை எண்ண அவனிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு பாரின் முதல் எண்ணிக்கைக்கும் அந்தப் பாரின் எண்ணையே சொல்வான். ஒன்னு ரெண்டு மூணு நாலு. ரெண்டு ரெண்டு மூணு நாலு. மூணு ரெண்டு மூணு நாலு. முதன்முதலில் கேட்டபோது, "உனக்கு எண்ணவே தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

எட்டு பார் தேறினேன். விரல் நுனியெல்லாம் புண். "பதில் வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை வந்தது. அவன் வரவில்லை.

ஃபோன் அணைந்து கிடந்தது. அவனுக்கு வேலை கொடுக்கும் கான்ட்ராக்ட் ஆபீஸைக் கூப்பிட்டேன். "அந்தத் தம்பி இப்ப வர்றதில்லைம்மா" என்று வைத்துவிட்டார்கள். வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. கழற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். வேறென்ன நினைப்பது? என்னைப் போன்றவளைக் கழற்றிவிட ஒரு காரணமா வேண்டும்? ஆறு வாரம், நாள் தவறாமல், அந்த அணைந்த ஃபோனுக்குத் திட்டி அனுப்பினேன். அச்சில் ஏற்ற முடியாத திட்டு.

மீதி நாலு பாரை நெட்டில் பார்த்தால் இரண்டு நிமிடம். பார்க்கவில்லை. வீம்பு. பதிலை அவன் வாயால்தான் கேட்க வேண்டும்.

"என்னம்மா, பாட்டு தினமும் ஒரே இடத்துல சுவத்துல முட்டிக்குது?" என்றார் பைண்டிங் அண்ணன்.

"மாஸ்டர் ஓடிட்டாருண்ணே."

"அந்தத் தம்பியா? ஓடற மூஞ்சி இல்லையேம்மா அது."

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை. மணி ஏழு நாற்பது. கீழே அவசர ஆர்டர், கடை இன்னும் திறந்திருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து எட்டு பாரையும் வாசித்துவிட்டு நிறுத்தினேன். கடைசி ஏ மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே...

"ஒம்போது... ரெண்டு... மூணு... நாலு."

அவன் குரல்.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை. நெஞ்சு துள்ளியது. வந்துவிட்டான்! அடுத்த நொடியே கோபம். ஆறு வாரம் கழித்து வந்து விளையாட்டா? வரட்டும், கதவைத் திறக்கக் கூடாது.

அப்புறம்தான் கவனித்தேன். எங்கள் படிக்கட்டில் மாடிக்கு ஒரு விளக்கு. ஆள் நடமாடினால் தானே எரியும், பூனை வந்தால்கூட எரியும். கதவிடுக்கில் பார்த்தேன்.

இருட்டு.

திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். எட்டு முடிந்தது.

"ஒம்போது... ரெண்டு... மூணு... நாலு."

இப்போது குரல் வெளியே இல்லை. அறைக்குள், என் தோளுக்குப் பின்னால்.

நான் பிடித்திருந்தது ஏ. கிட்டாரிலிருந்து வந்தது ஈ.

"பத்து... ரெண்டு... மூணு... நாலு."

டி வந்தது. என் விரல் அசையவில்லை. விரலே படாத கம்பி ஒன்று, என் கண்ணெதிரே, தானாக அமுங்கி நிமிர்ந்தது.

எண்ணிக்கைகளுக்கு நடுவே இன்னொரு சத்தம்.

பீப்... பீப்...

லிஃப்ட் மாடியில் வந்து நின்றால் கேட்குமே, அப்படி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"பதினொன்னு..."

குரல் இழுத்தது. மூச்சு வாங்கியது.

"பன்னெண்டு... ரெண்டு... மூணு..."

நிறுத்தினான்.

"ஈ பிடி. திரும்பப் போலாம்."

கெஞ்சுகிற குரல். அவன் என்னிடம் ஒருநாளும் கெஞ்சியதில்லை. அதைக் கேட்டதும் ஆறு வாரத்து ஆத்திரமும் மொத்தமாக வெடித்தது.

"போடா! எங்க போனியோ அங்கயே போய்த் தொலை. இனிமே வராத!"

உள்ளங்கையால் கம்பிகளை அடக்கினேன்.

என் காதோரம், மெதுவாக...

"சரி."

கதவிடுக்கில் வெளிச்சம் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். மூன்றாவது மாடி விளக்கு எரிந்தது. பிறகு இரண்டாவது. பிறகு ஒன்றாவது. யாரோ இறங்கிப் போவது போல.

காலடிச் சத்தம் இல்லை.

காலையில் பைண்டிங் அண்ணன் சிரித்தார். "மாஸ்டர் வந்துட்டார் போல? நேத்து ரெண்டு கிட்டார் கேட்டுச்சே."

"ஒரு கிட்டார்தாண்ணே இருக்கு."

"யாருக்கும்மா காது குத்துற?"

"அவரு உள்ள வந்தத நீங்க பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். கடையைத் தாண்டாமல் படியேற முடியாது. "இல்லயே..." என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் படியேறி வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவனுடைய மூக்கு, அவனுடைய நெற்றி.

"நீதானா சண்டைக்காரி?" என்றாள். "தப்பா எடுத்துக்காதம்மா. உன் பேரு எங்களுக்குத் தெரியாது. தம்பி ஃபோன்ல அப்படித்தான் போட்டு வச்சிருக்கான். உடைஞ்ச ஃபோனு, நேத்துதான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தாங்க. விலாசம் அதுலதான் இருந்துச்சு."

என் மெசேஜ் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை பைக்கில் போகும்போது லாரி இடித்ததாம். இந்தப் பக்கத்து ரோடு. "இந்தப் பக்கம் அவனுக்கு என்ன வேலைன்னே எங்களுக்குப் புரியல. இப்பதான் புரியுது" என்றாள். ஆறு வாரம் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். இரண்டு தெரு தள்ளி. நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற ஆஸ்பத்திரி.

"எப்ப..." என்றேன்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஏழே முக்கால் இருக்கும். என்னை வெளிய அனுப்பிட்டாங்க, நர்ஸு மட்டும்தான் பக்கத்துல. வாயே திறக்காதவன் எண்ண ஆரம்பிச்சானாம். அதுவும் தப்புத் தப்பா. ஒம்போது ரெண்டு மூணு நாலு, பத்து ரெண்டு மூணு நாலுன்னு. ஏதோ ஃபோன் நம்பரோன்னு அடிச்சுக்கூடப் பாத்தோம்மா. யாரும் எடுக்கல."

நான் திரும்பி, மூலையில் நின்ற கிட்டாரைப் பார்த்தேன்.

"பன்னெண்டு வரைக்கும் வந்து நிறுத்திட்டானாம். யாரோ பேசறத உத்துக் கேக்கற மாதிரி தலையச் சாச்சானாம். அப்புறம் தெளிவா, 'சரி'ன்னானாம். அவ்வளவுதாம்மா. போயிட்டான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா சாப்பாடு தண்ணியில்லாம அதையே கேக்குறாங்க. என் புள்ளகிட்ட யாரு என்ன சொன்னாங்க, எதுக்கு அவன் சரின்னு சொன்னான்னு. நான் என்ன பதில் சொல்றது? நீ படிச்ச பொண்ணு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

கீழே கடையில் பேப்பர் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"தெரியலக்கா" என்றேன்.