கொண்டை ஊசி வளைவில் விட்ட பிடி

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், ஒரு வளைவில் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பாதி மலையிலேயே இறங்கிக்கொண்டேன்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் ஈசிஜி (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். இதயத்தில் கோளாறில்லை, பேனிக் அட்டாக் (ஆபத்தே இல்லாதபோதும் உடம்பு பயந்து துள்ளுவது) என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்து, "உயிருக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். ஆகாதென்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அதன்பின் பஸ் ஏறவில்லை. சேலத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கோ நிறைமாதம். "நீ வந்தாத்தாம்மா எனக்குத் தைரியம்" என்று போனில் அழுதாள்.

டாக்டரம்மா சொல்லித்தான் பௌத்த தியான வகுப்புக்குப் போனேன். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்த கவனம் காப்பித் தோட்டத்துக் கவனம்தான். செடியில் ஒரு பழம் விட்டாலும் கணக்கெழுதும் ரைட்டர் திட்டுவார். அப்படியே ஒரு மூச்சும் தப்பாமல் பிடித்தேன். பயமான எண்ணங்களைப் பச்சைக்காய்போல ஒதுக்கினேன். வகுப்பிலேயே விரல்கள் மரத்துப்போயின.

சொல்லித்தருகிற பெண் என்னைவிட இளையவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க்கா, பழம் பறிக்கையில சாப்பாட்டுச் சங்கு கேக்குமுங்களா?"

"கேக்காம என்னங்க. பசிக்குமே."

"கேக்கோணும்னு காதத் தீட்டிக்கிட்டு நிப்பீங்களா?"

"நின்னா கூடை எப்படிங்க ரொம்பும்?"

"மூச்சும் அப்படித்தானுங்க. நீங்க புடிக்காட்டியும் தெரியும்."

புரிந்தது, செய்யத்தான் வரவில்லை. பிடிக்கக் கூடாது என்பதையே இறுக்கிப் பிடித்தேன். சில நாள் மழைச் சத்தத்தோடு மூச்சும் தானாகத் தெரியும். தெரிகிறதே என்று நினைத்ததும் போய்விடும். மாத்திரையை நிறுத்தவில்லை, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று போன் வந்தது. கணவரோடு பஸ் ஏறினேன். முதல் வளைவிலேயே என் கால் தரையை அழுத்தி மிதித்தது.

"பிரேக்க டிரைவரு போடட்டும், உடு" என்றார் கணவர்.

சிரித்தேன், பயம் போகவில்லை. அன்று இறங்கிய அதே வளைவு வந்தது. விரல்கள் மரத்தன. "நிறுத்துங்க" என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நெஞ்சு அடித்தது. ஜன்னலில் குளிர்காற்று வந்தது. முன்சீட்டில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. எதையும் நான் காவல் காக்க வேண்டியிருக்கவில்லை.

மலையிறக்கத்தில் அடைத்த காது விட்டபோதுதான் அடிவாரம் வந்தது தெரிந்தது. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு நேரமாயிற்று என்று கணவரைக் கேட்கத் தோன்றவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். "மலையெறங்கிட்டேன் கண்ணு. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காத, வந்துடறேன்."