இருபத்து நான்கு கட்ட ஓய்வு

என் அக்கா புருஷனுக்கு எங்கள் பேண்டில் 'இடி' என்று பெயர். பெரிய டிரம்மை அவர் அடித்தால், முன்வரிசையில் கிளாரினெட் வாசிக்கும் எனக்கு முதுகெலும்பு வரை அதிரும். கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னால், "மெதுவா அடிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு பெருசா செஞ்சு வச்சிருக்கான்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்களுடையது தீயணைப்பு நிலையத்து பேண்ட். நான் அங்கே பம்புகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். மச்சான் தீப்பிடித்த இடத்தில் ஏணி போட்டு ஏறும் ஏணிக்காரர், அதாவது, ஏணிக்காரராக இருந்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பெயின்ட் கிடங்கு எரிந்தபோது இரண்டு தடவை உள்ளே போனார். முதல் தடவை காவலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறான் என்று எவனோ கத்தினான், மறுபடியும் போனார். உள்ளே யாரும் இல்லை. அந்த இல்லாத ஆளுக்காகக் குடித்த புகைதான் அவரைப் படுக்க வைத்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது மாடிப்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்கினார். அப்போதிருந்த பேண்ட் மாஸ்டர் இரக்கக்காரர். ஊதுகிற வாத்தியம் இவருக்கு ஆகாது என்று பெரிய டிரம்மைக் கொடுத்து வைத்துக்கொண்டார். மச்சானுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. பக்கத்தில் சின்ன டிரம் அடிப்பவனைப் பார்த்து, பாட்டைக் காதால் பிடித்து, நாலு வருடம் ஓட்டிவிட்டார்.

இந்த வருடம் அந்த நல்ல மனுஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போக, புதிதாக ஒரு மேடம் வந்தார். காதுக்கு மேல் எப்போதும் ஒரு பென்சில். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஆறு வாரம் டைம் தர்றேன். அதுக்கப்புறம் யாருமே பார்க்காத ஒரு புது பாட்டு வைப்பேன். நோட்ஸைப் படிச்சு வாசிக்கறவங்க பேண்டுல இருக்கலாம். மத்தவங்க அவங்கவங்க பழைய வேலைக்குப் போயிடலாம்."

பழைய வேலை என்றால் மச்சானுக்கு ஏணி. ஏணிக்குத் திரும்புகிற எவரும் முதலில் டாக்டர் முன்னால் ஒரு குழாயில் மூச்சை ஊதிக் காட்ட வேண்டும். இவர் ஊதினால் முள் அசையுமா என்பதே சந்தேகம். தகுதியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வீடும் நிலையத்துக் குடியிருப்புதான். வேலை போனால் அதையும் காலி செய்ய வேண்டும்.

அன்று மாலையே அக்கா வீட்டில் பாடம் ஆரம்பித்தது. முன்னறையில் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் மேசை மேல் ஒரு தலையணையைப் போட்டு, அதுதான் டிரம் என்றேன். மச்சான் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன், மாப்ள?"

"கீழ் இடைவெளியில இருக்கற கறுப்புப் புள்ளி எல்லாம் நீங்கதான்."

"மேல இருக்கறவன்?"

"சின்ன டிரம்."

"அதானே பார்த்தேன். தாள்லயும் அவன்தான் மேலயா?"

நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் ஏறுமா என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் ஏறியது. வால் இல்லாத புள்ளி, வால் உள்ள புள்ளி, இரட்டை வால், எல்லாவற்றையும் பத்தே நாளில் பிடித்துவிட்டார். பஸ்ஸில் போகும்போதும் தாளை மடியில் விரித்துத் தொடையில் தட்டிக்கொண்டு போனார். நான் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பாராட்டினால் ஆள் கெட்டுவிடுவான் என்பது என் கொள்கை. பாழாய்ப்போன கொள்கை.

இடித்தது ஓய்வில்தான். அடிக்கிற இடத்தைப் போலவே சும்மா இருக்கிற இடத்துக்கும் நோட்ஸில் குறி உண்டு. ஒரு தட்டு சும்மா இருக்க நெளிந்த குறி. ஒரு கட்டம், அதாவது நாலு தட்டு, முழுக்க சும்மா இருக்கக் கோட்டிலிருந்து தொங்கும் சின்னக் கட்டை. பல கட்டம் சும்மா இருக்க வேண்டுமென்றால் நீளமான ஒரு தடித்த கட்டையைப் போட்டு, மேலே எண்ணிக்கையை எழுதிவிடுவார்கள். டிரம்காரன் பாட்டில் பாதி நேரம் எண்ணிக்கொண்டுதான் இருப்பான். எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. முதல் தட்டில் கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும்: ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலு. இப்படி எண்ணினால் கட்டம் தவறாது.

மச்சானுக்கு இந்த எண்ணும் முறை தண்ணீர் பட்ட பாடாக வந்தது. ஆனால் எட்டுக் கட்ட ஓய்வு என்றால் நாலாவதிலோ ஐந்தாவதிலோ தலையணையில் ஒரு அடி விழும். பதினாறு என்றால் இரண்டு மூன்று. பொறுத்துப் பார்த்தேன். நாலாவது வாரம் பென்சிலைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

"சும்மா இருன்னு எழுதியிருந்தா சும்மா இருக்கணும்! இதுல என்ன கஷ்டம்? மண்டைக்குள்ள என்ன களிமண்ணா?"

முன்னறையில் மிஷின் நின்றது. "டேய்! யாரைப் பார்த்து என்ன பேசறே? வயசுக்காவது மரியாதை கொடுடா" என்றாள் அக்கா. மச்சான் எனக்குப் பரிந்து, "விடு, அவன் வாத்தியார். திட்டத்தான் செய்வான்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. என்னைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லையே இவர் என்று அப்போதுதான் யோசித்தேன்.

மிஷின் மறுபடி ஓடியது. பதினாறு கட்ட ஓய்வை வைத்தேன். சுத்தமாக எண்ணினார். ஒரு அடி தப்பாக விழவில்லை. மிஷின் நின்றது. அதே தாள், அதே பதினாறு. ஐந்தாவது கட்டத்தில் தடால் என்று ஒரு அடி.

எனக்கு ஏதோ உறைத்தது. "அக்கா, கொஞ்ச நேரம் தைக்காம இரு" என்று குரல் கொடுத்துவிட்டு, மச்சானின் மணிக்கட்டை என் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "எண்ணுங்க" என்றேன். ஆறாவது கட்டத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஏழாவதில் முகம் கன்றிச் சிவந்தது. கையை உதறிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அதற்கடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. இருமலை நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இது கெட்டித் துணியை நெடுகக் கிழிப்பது போல வந்துகொண்டே இருந்தது.

"இந்த மனுஷன் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அப்படி என்னதான் கழுவறாரோ" என்றாள் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

அவர் வெளியே வந்ததும் பின்வாசல் படிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு வருஷமா இருக்கு. இந்த ஒரு வருஷமாத்தான் ஜாஸ்தி."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எப்பவாவது காதுல விழுந்தா துணித் தூசின்னு சொல்லி வச்சிருக்கேன். அவ பாவம், தினம் ரெண்டு தடவை வீட்டைக் கூட்டறா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டிரம் அடிக்கறப்ப இருமினா எனக்கே கேக்காது, மாப்ள. மிஷின் ஓடினாலும் அப்படித்தான். அதுக்காகத்தான் அந்த அடி அடிக்கறேன். நீங்கல்லாம் இடின்னு சிரிப்பீங்க, எனக்கும் வசதியாப் போச்சு. இப்ப அந்தம்மா சும்மா இருன்னு எழுதின தாளைக் குடுக்கப் போறாங்க. சும்மா இருந்தா கேட்டுடுமேடா."

டாக்டரிடம் போகலாம் என்றேன். போனால் எழுதிவிடுவார்கள் என்றார். அக்காவிடம் சொல்லலாம் என்றேன். தேர்வு முடியட்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அப்போதே எழுந்து போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு அவரோடு கூட்டுச் சேர்ந்தேன்.

மிச்சமிருந்த இரண்டு வாரமும் நாங்கள் பழகியது நோட்ஸே இல்லை. இருமாமல் இருப்பதைப் பழகினோம். தைத்த துணிகளைக் கொடுக்க அக்கா வெளியே போகும் நேரமாகப் பார்த்து உட்காருவோம். வெந்நீரை ஒரு மிடறு விழுங்குவார். மூக்கால் மட்டும், நூல் போல மூச்சு விடுவார். பத்துக் கட்டம் தாங்கினார். பிறகு பன்னிரண்டு. ஒரு வியாழக்கிழமை பதினாறு. சில நாள் திரும்ப ஆறுக்கே விழுந்துவிடும். அப்போது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவார், தோள் குலுங்கும். அழுகிறாரா இருமுகிறாரா என்று தெரியாமல் நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பேன். புதுப் பாட்டில் பெரிய ஓய்வு எதுவும் வந்துவிடக் கூடாது என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

தேர்வு திங்கள்கிழமை காலையில், வண்டிக் கொட்டகைக்கு மேலே உள்ள ஒத்திகை அறையில். படி ஏறி வந்து மச்சான் ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்றார். மேடம் தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் தாளைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் தடித்த கட்டை. அதற்கு மேல் 24. புல்லாங்குழல் மட்டும் தனியாக வாசிக்கும் இடம். மற்ற எல்லோருக்கும் இருபத்து நான்கு கட்டம் ஓய்வு. இருபத்தைந்தாவதில் எல்லோரும் மெல்லச் சேர வேண்டும். திரும்பிப் பார்த்தேன். மச்சான் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டார். படிக்கக் கற்றுக்கொடுத்த பாவி நான்தான்.

ஆரம்பித்தோம். முதல் பக்கத்தில் அவர் அடி ஒவ்வொன்றும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மேடம் நோட்டும் பென்சிலுமாக எங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். புல்லாங்குழல் தனியே கிளம்பியது. அறை அமைதியானது. கீழே யாரோ வாளி வைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

எட்டு, பத்து, பன்னிரண்டு. பின்னால் சத்தமில்லை. பதினான்கில் தொண்டையைச் செருமுவது போல ஒரு சின்ன ஒலி. பதினைந்து. பதினாறின் நாலாவது தட்டில் அது கிழியத் தொடங்கியது.

பதினெட்டு வருடமாக இந்த பேண்டில் நான் ஒரு இடம்கூடத் தவற விட்டதில்லை. அதில் எனக்கு இருந்த திமிர் ஊருக்கே தெரியும். பதினேழாவது கட்டத்தில் கிளாரினெட்டை வாயில் வைத்து, அடித்தொண்டை ஸ்வரம் ஒன்றைப் பிடித்து, நுரையீரலில் இருந்த காற்று அத்தனையும் போட்டு ஊதினேன். புல்லாங்குழல்காரி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். என் கணக்கை நம்பி இரண்டு டிரம்பெட்காரர்களும் உள்ளே நுழைந்து தொலைத்தார்கள். மூன்று கட்டம் ஊதினேன். மூச்சுத் தீர்ந்து நிறுத்தியபோது பின்னால் இருமலும் நின்றிருந்தது. மேடம் என் பக்கத்தில் நின்று எதையோ எழுதினார். பாட்டை நிறுத்தவில்லை.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. நான் செய்த அலங்கோலத்தில் அவர் எண்ணிக்கை போயிருக்குமே! காதால் பிடித்தே பழகிய மனுஷன். டிரம்பெட் வந்துவிட்டதே என்று இப்போது அடித்துவிட்டால் ஆறு வாரமும் அம்போ. இருபது. இருபத்தொன்று. அடி விழவில்லை. இருபத்துமூன்று. விழவில்லை. எனக்கே எண்ணிக்கை சரிதானா என்று குழப்பம் வந்தது. இருபத்தைந்தின் முதல் தட்டில் பெரிய டிரம் ஒலித்தது. மெல்ல என்று தாளில் போட்டிருந்தது. அவ்வளவு மெல்ல அடித்தார். இடி அப்படி அடித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லோரும் ஒழுங்காகச் சேர்ந்தோம்.

முடிந்ததும் மேடம் ஒவ்வொருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சீட்டு கொடுத்தார். என் சீட்டில், 'எண்ணத் தெரியவில்லை, மறுதேர்வு' என்று இருந்தது. மச்சான் கடைசியாக வந்து, படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் சீட்டை நீட்டினார். மூன்று வரி. 'வாசிப்பு சரி. எண்ணிக்கை சரி. நுரையீரல் பரிசோதனைக்கு வியாழக்கிழமை அனுப்பவும்.'

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நோட்ஸ்ல ஒரு குறை இல்லைன்னாங்க. இருமினதைக் கேட்டுட்டு எழுதாம விட்டா நாளைக்குத் தனக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னாங்க. நல்ல பொம்பளைதான்." சீட்டைத் திரும்ப வாங்கி மடித்தார். பிறகு கேட்டார்: "இருபத்தஞ்சுலதானே வந்தேன்?"

"ஆமா."

"நீ பதினேழுலயே வந்துட்டியாமே, மேடம் சொன்னாங்க."

"ஆமா, மச்சான்."

"நீ ஊதினதை நான் கேக்கவே இல்லைடா. இருமிக்கிட்டே விரலை மடக்கி எண்ணிட்டே இருந்தேன். சரியா வந்தேனா?"

"சரியா வந்தீங்க. அங்க இருந்த அத்தனை பேருலயும் நீங்க ஒருத்தர்தான் சரியா வந்தீங்க." அவரிடம் நான் சொன்ன முதல் பாராட்டு அது. இனி வியாழக்கிழமை அந்த முள். அதற்கப்புறம் வேலை, வீடு. எதுவும் எங்கள் கையில் இல்லை.

வீட்டுக்குப் போனோம். முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலையைத் தூக்காமல், "என்ன ஆச்சு? பாஸா?" என்றாள். மச்சான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். மிஷின் சத்தத்திலேயே இருமித் தொலைத்துவிடுவார் என்று நினைத்தேன். குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். நெஞ்சில் கையை வைத்து அடக்கிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

அக்கா ஓரம் அடித்து முடித்தாள். மிஷின் நின்றது. நூலை அறுத்தாள்.

அந்த அமைதியில்தான் மச்சான் இருமினார். மறைக்காமல், முழுவதையும் இருமினார். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.