தலை தூக்கிய தட்டுகள்

அவரைக் கைராசிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தொழில் டிஜே. கல்யாண வரவேற்போ, பிறந்தநாளோ, அலுவலக ஆண்டு விழாவோ, அவர் இசைத்தட்டைச் சுழலவிட்டால் மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாக்கள்கூட எழுந்து வந்து நாலு அடி ஆடிவிட்டுத்தான் போவார்கள். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "தெரியலைங்க, கை தானா போகுது" என்பார். கேட்பதற்கு அடக்கமாகத்தான் இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அவருக்குப் பின்னால் எப்போதும் அவருடைய மச்சினன் நிற்பான். மனைவியின் தம்பி. படிப்பு ஏறவில்லை, வைத்த கடையும் ஓடவில்லை, அக்கா வீட்டுக்கு நாலு நாள் தங்க வந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். தட்டுப் பெட்டிகளைத் தூக்குவது அவன் வேலை. ஒவ்வொரு பெட்டியும் பிணக் கனம் கனக்கும். வண்டியிலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து வண்டிக்கு. "பாட்டு காத்துல மெதந்து வருதுன்னு எவனோ சொன்னான் மாமா. அவன வரச்சொல்லுங்க, ஒரு பெட்டி தூக்கிப் பாக்கட்டும்" என்று புலம்பிக்கொண்டேதான் தூக்குவான். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

ஒரு நாள் மண்டபத்துப் படிக்கட்டில் பாதி ஏறியவன் பெட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதுகு பிடித்துக்கொண்டது. இனி கனமான எதையும் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். அன்று வீட்டில் மனைவி சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னாள்: "ஒண்ணு உங்க பெட்டி, இல்ல என் தம்பி. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அவர் யோசிக்கவே இல்லை. மற்ற டிஜேக்கள் எல்லாம் எப்போதோ லேப்டாப்புக்கு மாறியிருந்தார்கள். "டைப் அடிக்கிறவனுங்க" என்று அவர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தவர் அவர். அந்த வாயை மூடிக்கொண்டு, அவர்களிடமே போய்க் கற்றுக்கொண்டு, லேப்டாப்பும் பக்கத்தில் வைக்கும் சின்னக் கருவியும் வாங்கி வந்தார். எல்லாம் மச்சினனுக்காக. அதை அவனிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். "பெட்டி இனி வேணாம் மாப்ள" என்று மட்டும் சொன்னார். தான் இனி வேண்டாம் என்பதாக அவன் எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரமே அவன் ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டான். வாசலில் உட்கார்ந்து வந்து போகும் லாரிகளைக் கவனிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். "சும்மா அவர் பின்னாடி நின்னுக்கிட்டு என்னக்கா பண்றது" என்று அக்காவிடம் கேட்டானாம். அவள் வந்து சொன்னபோது அவனைத் தடுக்கத்தான் நினைத்தார். ஆனால் எந்த முகத்தோடு அவனை இருக்கச் சொல்வது? லேப்டாப் பை சாப்பாட்டு டப்பா அளவுக்குத்தான் கனக்கும். அதைத் தூக்க ஓர் ஆளா?

அவன் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்ட அதே மண்டபத்தில் ஒரு தம்பதியின் திருமண நாள் விழா. லேப்டாப்போடு அவருக்கு அதுதான் முதல் நிகழ்ச்சி. மச்சினன் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி வாசலோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பாட்டின் தாளத்தையும், ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு அவர் சேர்த்த காலம் போய், அது தானாகவே பிசிறில்லாமல் சேர்த்தது. ஆனாலும் கூட்டம் கரைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பதி மட்டும், வேறு வழியில்லாமல், ஆடிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆயிரக்கணக்கான பாட்டுகளின் பெயர்கள் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. எதைப் போடுவது? அவருடைய வலது கை பழக்கத்தில் பெட்டி இருக்கும் பக்கம் போனது. வெறும் மேசை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெட்டிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாலைந்து தட்டுகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தலை தூக்கி நிற்கும். கை அவற்றில் ஒன்றுக்குத்தான் போகும். எல்லா டிஜேக்களும் அடுத்துப் போட வேண்டியதை அப்படித் தூக்கி வைப்பதுதான். தானும் முன்பே வைத்திருப்போம் என்றே அவர் இத்தனை வருடமும் நம்பியிருந்தார். ஆனால் தட்டை உருவியதைத் தவிர பெட்டியை அவர் என்றைக்குத் தொட்டார்?

நீளமான பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார். பாட்டு ஓடும்போதே மேடையை விட்டு இறங்கி, ஏறக்குறைய காலியான தரையைக் கடந்து மச்சினனிடம் போனார்.

"பெட்டியில தட்டுங்கள தூக்கி வெச்சது நீயா?"

"பின்ன, பேயா வெச்சுது?" என்றான் அவன். "நீங்க குனிஞ்ச தலை நிமிரமாட்டீங்க. நான் ஆடறவங்க காலப் பாத்துக்கிட்டு நிப்பேன். எது சரியா வரும்னு தோணுதோ அத லேசா தூக்கி விடுவேன்."

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொல்லலியே மாப்ள."

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கைராசி, கைராசி என்று ஊரெல்லாம் சொன்னபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

"உன் முதுகுக்காகத்தான்டா பெட்டிய விட்டேன். உன்ன விடறதுக்கு இல்ல" என்றார். "நீ இல்லாம எனக்கு வராது. போகாத."

மச்சினன் எழுந்து அவரோடு நடந்தான். மேடையில் அவருக்குப் பின்னால் பழைய இடத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்தான். "அந்தக் கண்ணாடி போட்ட அம்மா மேசைக்கடியில தாளம் போடறாங்க. எழும்பத்தான் வெக்கம். மெதுவா ஆரம்பிக்கிற பழைய பாட்டா போடுங்க." அவர் தேடிப் போட்டார். அந்த அம்மா எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அதற்குப் பிறகு தரை காலியாகவே இல்லை.

முடிந்ததும் மண்டப மேலாளர் வந்தார். "மிஷின் மாறினாலும் உங்க கைராசி போகலைங்க."

"என் கை இல்லைங்க, இவன் கை" என்றார் அவர்.

மச்சினன் காதில் விழாத மாதிரி வயர்களைச் சுருட்டினான். பிறகு பழக்க தோஷத்தில் லேப்டாப் பையை எடுக்கக் கையை நீட்டினான். அவர் முந்திக்கொண்டு அதைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் தூக்கறேன். நீ கூட வா, போதும்."

படிக்கட்டில் அவன் முன்னால் இறங்கினான். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் இரண்டு படிக்கு ஒரு தரம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பெட்டியோடு உட்கார்ந்த அந்தப் படி வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தான்.

"பாத்து மாமா, இங்கதான் வழுக்கும். கிடங்குக்காரன்கிட்ட வரலன்னு காலையில சொல்லிடறேன்."