அக்கா அச்சிட்ட மேற்கட்டி

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த மலரின் பக்கங்களில் அவருடைய படங்களோடு அவர் உருவாக்கிய சில துணி வடிவங்களையும் சேர்த்திருக்கிறோம். அவை எங்கிருந்து பிறந்தன என்பதை உடன்பிறந்த தம்பியாகிய நான்தான் எழுத வேண்டும் என்று, அக்காவின் பட்டறையில் பதினைந்து ஆண்டுகள் உடன் உழைத்த முருகாயி அவர்கள் கேட்டுக்கொண்டார். எழுதத் தொடங்கிய பிறகுதான், அக்காவைப் பற்றி மட்டும் எழுதி இதை முடித்துவிட முடியாது என்று தெரிந்தது.

அக்கா கொடைக்கானல் மேல்மலையிலுள்ள போளூரில், பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அதன் பிறகு எனக்குச் சோறூட்டியதும் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் அக்காதான். இருபத்தொரு வயதில் கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டார். வேன் ஓட்டிக்கொண்டிருந்த மாமா, திருமணமான ஆறாம் ஆண்டில் மலைப்பாதையில் நடந்த விபத்தில் காலமானார். குழந்தைகள் இல்லை. போளூருக்கே வந்துவிடும்படி அப்பா எவ்வளவோ அழைத்தும் அக்கா வரவில்லை. விடுதிகளுக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கடையில் எல்லாத் துணியிலும் ரோஜாப்பூதான். சில ஆண்டுகள் கழித்து, மரக்கட்டையில் வடிவம் செதுக்கித் துணியில் அச்சிடும் முறையைத் தாமாகவே பழகி, இரண்டு அறைகளில் ஒரு பட்டறை தொடங்கினார். முதல் வேலை ஒரு விருந்தினர் இல்லத்துக்கு. விரித்துக் காட்டிய துணியைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாள் முகம் சுளித்தார்களாம்.

"என்னம்மா இது, ஈரச் சுவத்துல பூசணம் பிடிச்ச மாதிரி இருக்கு?"

"கல்பாசிங்கம்மா. உங்க கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிற மரத்துலதான் இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க."

அந்த அம்மாள் குடை பிடித்துக்கொண்டு வந்து மரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். சாம்பல், வெளிர் பச்சை, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். "முப்பது வருசமா இந்த வழியாத்தான் போறேன்" என்று மட்டும் சொன்னார்களாம். எல்லா அறைகளுக்கும் அதே துணிதான் போயிற்று.

மலைப்பூண்டின் தோலில் ஓடும் ஊதா நரம்புகள், காலை மூட்டத்தில் பாதி மறைந்த வயல் அடுக்குகள், மழை நின்றதும் ஓடையோரத்தில் தலை சாய்ந்து கிடக்கும் கோரைப்புல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வைப்பார். ஒருமுறை பழனிக்குச் சென்றிருந்தபோது, பழைய மண்டபம் ஒன்றின் விதானத்தில் நிறம் மங்கிய தாமரை ஓவியத்தைக் கண்டு, அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துக் காவலாளி தண்ணீரோடு ஓடி வந்தார். நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும்டா. படுத்துப் பாத்தாத்தான் வரைஞ்சவன் நெனச்சது தெரியும்" என்றார் அக்கா.

மறைவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நுரையீரலில் நோய் கண்டது. அதன் பிறகு போளூர்ப் பயணமே நின்றுபோயிற்று. கடைசி மாதங்களில் மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர்கள் சொன்னதால், வத்தலக்குண்டு அருகே ஒரு சிறிய பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். ஒரே அறையில் எட்டுக் கட்டில்கள். மேலே கறுத்துப்போன ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்:

"எட்டுப் பேரும் மல்லாக்கக் கெடக்கோம் தம்பி. கண்ண முழிச்சா இந்தக் கரியத்தான் பாக்க வேண்டியிருக்கு. மேல கட்டுறதுக்கு ஒரு துணி பண்ணணும். நீ நம்ம தோட்டத்துக்கு மேக்க நிக்கிற காட்டு நாவ மரத்தடியில படுத்து, மேல பாத்துப் போட்டோ எடுத்துட்டு வா. பத்து மணி வெயில்ல எடு. வெரசாக் கொண்டா."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த மரம் அங்கே இல்லை. அக்கா நோயில் விழுந்த அதே ஆண்டு, நான்கு பாத்தி கூடுதலாகப் பூண்டு போடலாம் என்று அதையும் சுற்றியிருந்த சிறு மரங்களையும் நான்தான் வெட்டினேன். அக்காவால் இனி ஊருக்கு வர முடியாது, தெரிந்துகொள்ளவே மாட்டார் என்று எண்ணினேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் எண்ணினேன்.

வேறொரு சோலைக்குள் போய்ப் படுத்து, பன்னிரண்டு படங்கள் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கைப்பேசியை முகத்தருகே பிடித்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நம்ம மரமில்ல. நம்ம மரத்துக் கொழுந்து செவப்பால்ல இருக்கும்?"

நான் கஞ்சித் தூக்கின் மூடியைத் திறக்கப் போனேன்.

"ஏலே, மரம் எங்க?"

"வெட்டிட்டேங்க்கா."

"எப்ப?"

"மூணு வருசமாச்சு. பூண்டு போடுறதுக்கு."

அக்கா கைப்பேசியை என் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு நாட்கள் என்னிடம் பேசவில்லை. நான் கொண்டு போன கஞ்சியை வாங்கிக் குடிப்பார், கிண்ணத்தைத் திருப்பித் தருவார். அவ்வளவுதான். ஏழாம் நாள் தாளும் பென்சிலும் கேட்டார்.

ஒரு தடவைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. மூச்சு வாங்கும். இருந்தும் இருபது நாளில் வரைந்து முடித்தார். கீழே படுத்து மேலே பார்க்கும்போது இலைகள் நெருங்கி வரும் காட்சி அது. நான்கு ஓரங்களிலும் கிளைகள், சிவந்த கொழுந்துகள், இடையிடையே வெளிச்சம். நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. சனிக்கிழமைதோறும் பேருந்தில் மலையிறங்கி வரும் முருகாயி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல என்னக்கா போடணும்?"

"ஒண்ணும் போடாத. அங்க மரம் இல்ல."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். முருகாயி என்னைப் பார்த்ததும் அக்கா சொன்னார்: "அவனுக்கு உறைக்கணும்னு செய்யல. இல்லாதத இருக்குற மாதிரி அச்சடிக்க எனக்கு வராது."

ஐப்பசி அடைமழையில் பட்டறையில் அச்சிட்ட துணி காயவில்லை. அடுப்பு மூட்டி அந்தச் சூட்டில் காயவைத்தார்கள். கொண்டுவரும் நாளில் மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து நின்றுபோனது. தாமதமாகும் என்ற செய்தி கேட்டு அக்கா, "நனைஞ்சா சாயம் ஓடிரும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நனையாமல் வந்து சேர்ந்தது. இல்லத்துப் பணியாளர்களும் நானும் ஏணி போட்டுக் கட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எடது மூலையில செவப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் அக்கா.

மறுநாள் நான் கேட்டே விட்டேன். "அக்கா, எம்மேல கோவமா?"

"கோவம் இருக்கு தம்பி. அதுக்காக நீ கொண்டாந்த கஞ்சியக் குடிக்காம இருந்தேனா?"

அதன் பிறகு மூன்று நாட்கள் இருந்தார். நான்காம் நாள் காலை, கண்கள் திறந்தபடியே மூச்சு அடங்கியது. கண்ணை மூடிவிட்டது நான்தான். கோபம் தீர்ந்துவிட்டது என்று அக்கா கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக இந்த மலரில் எழுத எனக்கும் உரிமை இல்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், விதிகளைச் சற்றுத் தளர்த்தித் துணி கட்ட அனுமதித்த இல்லத்தாருக்கும், இரவு பகலாக அச்சிட்ட முருகாயிக்கும் பட்டறைப் பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. சரிந்து கிடந்த மண்ணின் மேல் துணிப்பொதியைத் தலையில் சுமந்து நடந்து கடந்த பேருந்து நடத்துநரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இந்த மலர் அவர் கைக்குக் கிடைத்தால் எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இறுதிச் சடங்குக்கு மழையில் மலையேறி வந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் அந்த இல்லத்துக்குப் போனபோது, அக்காவின் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் மேலே கைகாட்டி, "நடுவுல ஏன் தம்பி வெறுசா விட்டிருக்காக?" என்று கேட்டார்.

"அங்க ஒரு மரம் நின்னுச்சுங்கய்யா. நான் வெட்டிட்டேன்" என்றேன்.

அவர் மறுபடியும் மேலே பார்த்தார். "பெரிய மரமோ?" என்றார்.

"ஆமாங்கய்யா. பெரிய மரம்."