எல்லோருக்கும் ஒரே எடிட்டர்

அந்த எடிட்டரை எங்கள் டீமுக்குள் கொண்டுவந்தது நான்தான். மேலிடத்து உத்தரவு, கால மாற்றம் என்று வேறு எதன் தலையிலும் பழியைப் போட்டுத் தப்பிக்க வழியில்லை. நானே தேடினேன், நானே தேர்ந்தெடுத்தேன், ஐந்து பேரும் இனி இதில்தான் வேலை செய்ய வேண்டும் என்று நானே மெயில் போட்டேன். மெயிலின் கடைசியில் சிரிக்கிற முகம் ஒன்று வேறு. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போடியில் எங்கள் வீடு ஏலக்காய்க் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே அத்தாவும் தம்பியும் வியாபாரம் பார்க்கிறார்கள். மாடியில் உட்கார்ந்து நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். எடிட்டர் என்பது கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற இடம், எங்கள் பட்டறை. எதில் எழுதினால் என்ன, எழுதுவது ஒன்றுதானே என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. நல்ல எடிட்டர் எழுதும்போதே தப்பைக் காட்டிக் கொடுக்கும். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்குள் ஒரு சொல் எங்கெங்கே இருக்கிறதென்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். ஒத்துவராத எடிட்டரில் உட்கார வைத்தால் கெட்டிக்காரனும் மக்காகிப் போவான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த வேலையைச் செய்தேன்.

டீமில் ஒருத்தி எங்கள் ஊர்ப்பக்கம். போடியிலிருந்து ஏறுகிற மலைச்சாலையில், ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தாள். அவள் கணவர் அந்தத் தோட்டத்து ஜீப் ஓட்டுகிறவர். இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். முன்பு நாலு வருஷம் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். மாதம் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவாள். எங்கள் கம்பெனியில் வீட்டிலிருந்தே செய்யும் ஒப்பந்த வேலை கிடைத்த பிறகுதான் அந்த மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அவள் மறுபடியும் சென்னையில், மகள் இங்கே. இது எனக்கும் தெரியும், என் மேலாளருக்கும் தெரியும்.

நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணே என்பாள். வேலையில் என்னைவிடக் கெட்டி. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் ஓடுகிற ஏதோ ஒரு பழைய எடிட்டரை வைத்திருந்தாள். படமில்லை, பொத்தானில்லை, மவுஸைத் தொடவே மாட்டாள். விரல்கள் மட்டும் ஓடும். நாங்கள் திங்கட்கிழமை எடுத்த வேலையைப் புதன்கிழமை வரை நோண்டிக்கொண்டிருப்போம். அவள் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டு, “வேற எதும் சோலி இருக்காண்ணே?” என்று கேட்பாள்.

அந்தச் சமயம்தான் எனக்குக் கம்பெனியிலிருந்து புது லேப்டாப் வந்தது. நிரந்தர ஊழியர்களுக்குத்தான் கம்பெனி கொடுக்கும், ஒப்பந்தக்காரர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். புது மெஷினில் அந்தப் புது எடிட்டரைப் போட்டேன். ஆகா, என்ன வேகம்! நான் பாதி எழுதுவதற்குள் மீதியை அது எழுதிக் காட்டியது. ஒரு நாள் வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. நான் தலைகால் புரியாமல் ஆடினேன். “கல்யாணத்தப்பக்கூட என்னைய நீங்க இப்படிப் பாக்கல, அந்த ஸ்கிரீனப் போயி இந்தப் பார்வை பாக்குறீங்க” என்றாள் என் மனைவி.

எனக்கு நன்றாக இருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்பது என் புத்தி. இதற்கு நியாயமும் இருந்தது. ஆளுக்கொரு எடிட்டர் வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு விதமாக இடைவெளி விழும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்து சேமித்தாலே கோப்பு முழுவதும் மாறிவிட்டதாகக் காட்டும். அதனால் எல்லோருக்கும் ஒன்றே என்று முடிவு செய்தேன். அதோடாவது நின்றேனா? பழைய எடிட்டர்களில் எழுதியதை ஓட்டிப் பார்க்க உதவிய ஸ்கிரிப்டுகளை, அந்தக் குட்டிப் புரோகிராம்களையெல்லாம், தேடிப் பிடித்து அழித்தேன். திரும்பிப் போக வழி இருந்தால் யாரும் மாறமாட்டார்கள் என்று ஒரு மேதாவித்தனம்.

மறுநாள் அவள் போன் செய்தாள்.

“அண்ணே, நான் மட்டும் பழசுலயே செஞ்சுக்கிறட்டுமா? என் மெஷினு இதத் தாங்காது போல.”

“மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் தங்கச்சி. ஒரு வாரம் பழகு, அப்பறம் நீயே விடமாட்ட.”

“பழக்கம் இல்லண்ணே, மெஷினுதான்…”

“ஆளுக்கொரு நியாயம் பேசுனா நான் எப்படி டீம நடத்துறது? சொன்னதச் செய்யி.”

“சரிண்ணே.”

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் யார் எத்தனை வேலை முடித்தார் என்று திரையில் ஒரு பலகை வரும். மற்ற நாலு பேருக்கும் ஏறியது. அவளுக்கு இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் இறங்கியது. காலைக் கூட்டத்துக்கு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் தாமதமாக வந்தாள். கேட்டால், “இந்தா முடிச்சிருறேண்ணே” என்பாள். முடியாது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வந்ததும் மேலாளர் கேட்டார், அவளுக்கு என்ன ஆச்சு என்று. வாய்க்கொழுப்பு, “வீட்டுல ஏதோ பிரச்சினை போல சார், மனசு வேலையில இல்ல” என்று சொல்லிவிட்டேன். நான் பாட்டுக்கு இட்டுக்கட்டியது. அப்போது அது எனக்கு அவள் பக்கம் பேசுவதாகவே தோன்றியது.

இரண்டு நாள் கழித்து தம்பி ஏலக்காய் பார்க்க அவள் தோட்டத்துப் பக்கம் மலைக்குப் போனான். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். நேரில் பார்த்து நாலு வார்த்தை புத்தி சொல்லலாம் என்று போனேன். ஆமாம், புத்தி சொல்லத்தான்.

தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அதை ஒட்டிய சின்ன அறைதான் அவளுக்கு ஆபீஸ். ஜெனரேட்டர் அங்கேதான் இருக்கிறது, நெட் கேபிளும் அதுவரைக்கும்தான் வந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது, இந்தப் பக்கம் கை வைத்தால் சுடுகிறது. கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் தட்டின் மேல் லேப்டாப் இருந்தது. சூடு தெரியாமல் இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு சின்ன மேஜை ஃபேன். சென்னைக்குப் போன புதிதில் வாங்கிய லேப்டாப், மூலையில் டேப் ஒட்டியிருந்தது.

“வாங்கண்ணே, உக்காருங்க. தெறந்துட்டேன், இப்ப வந்துரும்” என்றாள்.

திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. புது எடிட்டர் திறந்தவுடன் எல்லாக் கோப்புகளையும் ஒரு தடவை படித்துக்கொள்ளும். என் மெஷினில் அது நடப்பதே எனக்குத் தெரியாது. இங்கே நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொரு நிமிஷம். அவள் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்தும் முடித்துவிட்டேன். பிறகு அவள் ஒரு வரி அடித்தாள். எழுத்து ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வந்தது. மூன்றாவது வரியில் எல்லாம் உறைந்து நின்றது. அவள் அணைத்துவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் அந்த வட்டம்.

மேஜையில் ஒரு நோட்டு இருந்தது. மகளின் பழைய கணக்கு நோட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தாள். பக்கம் பக்கமாகப் பென்சிலில் புரோகிராம். அடித்துத் திருத்தி, அம்புக்குறி போட்டு, ஒரு அடைப்புக்குறிகூட விடாமல்.

“சும்மா உக்காந்திருக்கச் சங்கடமா இருக்கும்ணே. இது சுத்துறப்ப மெஷினுல வேற எதுவும் ஓடாது. அதான் அது முழிக்கிற வரைக்கும் எழுதி வச்சுக்கிருவேன். முழிச்சதும் வெரசா ஏத்திருவேன்” என்றாள்.

“இத ஏன் நீ என்கிட்ட சொல்லல?” என்று கத்தினேன். அவள் மேல் கோபமாக வந்தது, அதுதான் அசிங்கம்.

“சொன்னேனேண்ணே.”

அவள் நோட்டை மூடி வைத்தாள். “மறுபடி சொல்லப் பயம்ணே. மெஷினு சரியில்லன்னு மேல தெரிஞ்சா ஒப்பந்தம் போட மாட்டாங்கல்ல.”

அங்கேயே உட்கார்ந்து, நான் அழித்த ஸ்கிரிப்டுகளைத் திரும்ப எடுத்துப் போட்டேன். மொத்தமே பத்து நிமிஷ வேலை. அவள் தன் பழைய எடிட்டரைத் திறந்தாள். கை எடுப்பதற்குள் திறந்துவிட்டது. நோட்டைப் பார்க்காமலே அடித்தாள், விரல்கள் பழையபடி ஓடின. அன்று நான் கீழே இறங்குவதற்குள் மூன்று வேலைகளை முடித்துவிட்டாள். நான் முற்றத்துக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று மேலாளருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

“புதுப்பிக்கிறவங்க லிஸ்ட் நேத்தே போயிடுச்சு, அவங்க பேர் அதுல இல்ல” என்றார் அவர். “அவங்க மனசு வேலையில இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மாத முடிவு வரைக்கும் அவள் பேய் மாதிரி உழைத்தாள். இரண்டு மாதமாகத் தேங்கியதையெல்லாம் தீர்த்தாள். வெள்ளிக்கிழமைப் பலகையில் அவள்தான் முதல். அதைப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். வேலை போகப் போகிறது என்று தெரிந்தால் யாரும் ஓடத்தான் செய்வார்கள் என்று பதில் வந்தது. அதற்கும் மேலே இருப்பவருக்கு எழுதினேன். பதிலே வரவில்லை.

அவள் சென்னைக்கு ரயிலேறினாள். வழியனுப்பப் போக எனக்குத் தைரியம் இல்லை. போனில், “விடுங்கண்ணே, வேணும்னா செஞ்சீங்க?” என்றாள். மேலாளரிடம் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்த ‘அண்ணே’ போய்விடும், எனக்கு அது வேண்டியிருக்கிறது. சீ, என்ன மனுஷன் நான்.

அடுத்த வாரம் அவள் கணவர் எங்கள் கடைக்கு மூட்டை இறக்க வந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “ரெண்டு நாளா சோறு எறங்கலண்ணே. சாரமில்ல, பழகிரும்” என்றார், பரவாயில்லை என்பதை மலையாளத்தில். என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த மூட்டையைத் தூக்கினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவள் போன மறு மாதம் கம்பெனியின் கோட்டுப் படத்தில் எங்கள் டீமின் சராசரி ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? பல வாரங்கள் கடைசியில் கிடந்த ஒரு பெயர் கணக்கிலிருந்தே போய்விட்டது. யார் போனார், ஏன் போனார் என்று அந்தக் கோட்டுப் படத்தில் இல்லை. எடிட்டர் மாறியது, வேலை கூடியது, அவ்வளவுதான் தெரிந்தது. மேலாளர் பாராட்டி மெயில் போட்டார். மற்ற டீம்களும் இதற்கு மாறப் போகின்றன, நீங்களே ஒரு வகுப்பு எடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் வேலை வேண்டும், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வகுப்பு எடுத்தேன். ஐம்பது அறுபது பேர் திரையில் இருந்தார்கள், மேலாளரும் இருந்தார். தப்பை அது எப்படிக் காட்டுகிறது, மீதி வரியை எப்படி எழுதுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாம் நன்றாகவே ஓடியது. கடைசியில் ஒரு பெண்குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது: “சார், நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன். என்னோடது பழைய லேப்டாப்பு. அந்த மாதிரி மெஷின்ல இது எப்படி ஓடும்? உங்க டீம்ல யாராச்சும் வச்சிருக்காங்களா?”

மேலாளரின் முகம் திரையின் ஓரத்தில், சின்னக் கட்டத்துக்குள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க டீம்ல அந்த மாதிரி மெஷின் யார்கிட்டயும் இல்லம்மா” என்றேன்.

அந்தப் பெண் நன்றி சொன்னாள். அடுத்தவர் கேள்வி கேட்டார்.