மிட்டாய் டின்னில் ஏலக்காய்

என் கீழ்வரிசை முன்பற்களில் இரண்டு பொய்ப்பற்கள். யாராவது நல்ல மனதோடு "உங்க பல்லு வரிசை அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் எனக்கு எரிச்சலாக இருக்கும். சொந்தப் பற்கள் இரண்டையும் எடுத்தது ஜார்ஜ்டவுனில் ஒரு பல் டாக்டர். ஆனால் நான் கோபித்துக்கொண்டது அவரை அல்ல, என்னோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அக்காவை.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் புக்கிட் தெங்காவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. விரல்நகத்தைவிடச் சிறிய பாகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கம்பி விட்டுப்போனவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். காலையில் ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவிலிருந்து பெர்ரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த், அங்கிருந்து கம்பெனி பஸ். அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதே லைனில் எனக்கு அடுத்த நாற்காலி. பெர்ரியிலும் பஸ்ஸிலும் அவர் பக்கத்தில்தான் நான்.

பெர்ரி கிளம்பியதும் அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்ன மிட்டாய் டின்னை எடுப்பார். உள்ளே மிட்டாய் இருக்காது, ஏலக்காய் இருக்கும். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. "மென்னுக்கிட்டே வா, தங்கச்சி. காலைல வாய்க்கு நல்லது." முதலில் காலையில் மட்டும்தான். பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று, வீடு திரும்பும்போது ஒன்று என்று ஆனது. உட்காரும்போது காற்றடிக்கும் பக்கத்தை எனக்குத் தரவே மாட்டார். "காத்து ஒனக்கு ஒத்துக்காது லா, நான் அந்தப் பக்கம் இருக்கேன்" என்று என்னைத் தள்ளி உட்காரவைத்துவிடுவார். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. வீட்டில் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவேன். ஒரு தீபாவளிக்கு அவருக்கு நான் சேலைகூட எடுத்துக் கொடுத்தேன்.

பல் விஷயத்தில் எனக்குத் திமிர் அதிகம். பள்ளிக்கூடத்தில் பல் சோதிக்க வருகிறவர்கள் என் வாயைத் திறக்கச் சொல்லி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். ஒரு சொத்தை கிடையாது. ஆகவே ஒருநாள் காலை பல் தேய்த்துத் துப்பியபோது தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் விடாமல் வந்த பிறகுதான் பெர்ரியில் அக்காவிடம் சொன்னேன்.

"ஒடம்புச் சூடு லா" என்றார் அக்கா. "எனக்குந்தான் வருது. ரத்தம் வர்ற எடத்துல பிரஷ்ஷ வைக்காத. விட்டுட்டா தானா நின்னுடும்."

விட்டுவிட்டேன். கீழ் முன்பற்களின் பக்கம் பிரஷ் போகவே போகாது. ரத்தம் கண்ணில் படவில்லை, நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வருடத்தில் ஈறு மெல்லக் கீழே இறங்கிப் பற்கள் நீளமாகத் தெரிந்தன. அதையும் அழகு என்று நினைத்துக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துக்கொண்ட புத்திசாலி நான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் கொய்யாக்காய் வாங்கிக் கடித்தபோது இரண்டு பற்கள் ஆடின. கொய்யாக்காயை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பல் கிளினிக்கில் டாக்டர் சீனப் பெண்மணி. அவர் மலாயில் சொன்னதை நர்ஸ், நம் ஆள், எனக்குத் தமிழில் விளக்கினார். இரண்டு பற்களையும் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம். எடுத்த பல்லை டாக்டர் தட்டில் போட்டபோது எட்டிப் பார்த்தேன். வேரோரம் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்ததே தவிர, ஒரு சொத்தைகூட இல்லாமல் கிடந்தது. சொத்தை இல்லாத பல் ஏன் விழ வேண்டும் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"பல்லுக்கு ஒண்ணுமில்லம்மா, அதப் புடிச்சிக்கிட்டு இருந்த ஈறும் எலும்பும்தான் போச்சு" என்றார் நர்ஸ். "பல்லும் ஈறும் சேர்ற எடத்துல அழுக்கு தங்கும். தெனமும் எடுக்கலன்னா கல்லு மாதிரி இறுகிடும், அப்புறம் பிரஷ்ஷுக்கு வராது, நாங்கதான் சொரண்டணும். ரத்தம் வந்தா அந்த எடத்த விட்டுடக் கூடாது. மெதுவான பிரஷ்ஷ வெச்சு அங்கதான் நல்லாத் தேய்க்கணும். பல்லு சந்துல நூல் விட்டு எடுக்கணும். மொதல்லயே வந்திருந்தா ரெண்டும் நின்னிருக்கும்."

பிறகு முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். "ரெண்டு வருஷமாவது வாய்நாத்தம் இருந்திருக்கும். நமக்கு நம்ம வாசம் தெரியாது. கூட இருக்கிறவங்க யாரும் சொல்லலியா?"

பஞ்சு கடித்திருந்த வாயோடு இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் ஏலக்காய் ஞாபகம் வந்தது. அப்புறம் காற்றடிக்கும் பக்கம், என் மூச்சு அவர் மேல் படாத பக்கம். லைனில் மலாய்ப் பெண் ஒருத்தி காரணம் சொல்லாமல் இடம் மாற்றிக்கொண்டது. பஸ்ஸில் எனக்கு முன் சீட் எப்போதும் காலியாகக் கிடந்தது. ஒவ்வொன்றாக நினைவு வர வர, நடுத்தெருவில் நின்றுகொண்டிருக்கும்போது என் உடம்பே கூசியது. அம்மாவும் ஒன்றும் சொன்னதில்லைதான். ஆனால் அம்மாவுக்கு மூக்கடைப்பு, அவரை அன்றே மன்னித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். பெர்ரி கிளம்பியது. டின் திறந்தது.

"இது எதுக்குக்கா?" என்றேன்.

அக்காவின் கை அப்படியே நின்றது. என் வாயில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லைன்ல எல்லாரும் பேசினாங்க, தங்கச்சி. நீதான் அவளுக்கு நெருக்கம், நீயே சொல்லுன்னு என்னைத்தான் அனுப்புனாங்க. சொல்றது சூசா லா, லேசில்ல. ஒனக்கு எப்படிக் கஷ்டமா இருக்கும்னு… சொல்ல முடியல. ஏலக்காய் வாங்கிட்டு வந்தேன்."

எல்லாரும். கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். நான் தலைகுனிந்து மைக்ராஸ்கோப்பில் கம்பி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என் தலைக்குமேல் என் வாயைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. நான் அன்பு என்று நினைத்து வாயில் போட்டு மென்றது அத்தனையும் ஏமாற்று. ஒரே ஒரு வார்த்தை, பெண்கள் கழிப்பறையில் வைத்து என் காதோடு சொல்லியிருந்தால் போதும், என் பற்கள் என்னிடம் இருந்திருக்கும்.

"வேற யாரும் ஒன் பக்கத்துல உக்காரல. நான் உக்காந்தேன்ல?" என்றார் அக்கா. அழுகையை அடக்க உதட்டை இழுத்துச் சிரிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய மேல் ஈறு கருஞ்சிவப்பாக உப்பியிருந்தது. பல்லோரத்தில் அழுக்கு மஞ்சளாக, கல்லாக இறுகிப்போயிருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நர்ஸ் சொன்ன அத்தனையும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. பற்களைக் காப்பாற்ற அவருக்கு இன்னும் காலம் இருந்தது.

நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே. டின்னிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் வேறு சிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து இன்றுவரை இரவு நூல் விடாமல் படுத்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். மிச்சப் பற்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன.

தொண்ணூறுகளில் ஒருநாள் பாசாரில் மீன்கடைக்குப் பக்கத்தில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். கன்னம் உள்ளே ஒடுங்கிய ஒரு முகம். அக்கா. வயதுக்கு மீறிக் கிழடு தட்டியிருந்தது. சிரித்தவர் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கியா தங்கச்சி?" என்றார். கோபம் எதுவுமே அவர் குரலில் இல்லை. "மேல் வரிசை முழுக்கப் போச்சு. எதனாலன்னே தெரியல லா. ஒண்ணுலகூட சொத்தை இல்ல."

"அப்படியாக்கா" என்றேன்.