வலது கட்டைவிரல்

முதல் டச் போன் வாங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஹெப்பாளில் ஒற்றை அறை. போன் வாங்கிய வாரமே கூட வேலை பார்த்தவர் ஒருவர் புளூடூத்தில் ஒரு போர் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். பாலைவன ஊர், மணல் மூட்டைகள், மூட்டைகளுக்குப் பின்னால் தலைதூக்கும் எதிரிகள். இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும். வலது மூலையில் ஒரு சிவப்பு வட்டம்; அதை அழுத்தினால் துப்பாக்கி சுடும். ஊரில் ஒரு காக்கையைக்கூடக் கல்லெறிந்து விரட்டத் தெரியாதவன் நான். அந்த அறையில் படுத்துக்கொண்டே எத்தனையோ பேரைக் கொன்றேன்.

அப்பாவும் அம்மாவும் சொந்த ஊரான ராமாபுரத்தில் இருந்தார்கள். அப்பா கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன். கட் செய்துவிட்டு உடனே நான் கூப்பிடுவேன். அவர் போனில் காசு போகக் கூடாது என்று நானே செய்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, சம்பாதிக்கிற மகன் அல்லவா.

அது வார விடுமுறை, மதிய நேரம். விளையாட்டில் ஒரு பாலத்தைக் கடந்துவிட்டால் அந்தக் கட்டம் முடியும். திடீரென்று பாலம் மறைந்து ‘அப்பா’ என்று திரையில் வந்தது. சுடும் வட்டம் இருந்த அதே இடத்தில் இப்போது அழைப்பைத் துண்டிக்கும் பட்டன். என் விரல் சுடுவதை நிறுத்தவில்லை. அழைப்பு போய்விட்டது.

பழைய போனாக இருந்தால் பட்டனின் மேடு விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வெறும் சால்ஜாப்பு. கட் ஆனது தெரிந்த பிறகும் நான் பாலத்துக்குத்தான் திரும்பினேன். முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மூன்று முறை செத்தேன். மூன்று முறையும் விளையாட்டு என்னை எழுப்பிப் பாலத்தடியில் நிறுத்தியது. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டபோது அம்மாவின் அழுகைதான் கேட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா சொன்னாள்: “நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குதுன்னாரு கண்ணு. ஆட்டோ கூப்புடட்டுமான்னு கேட்டேன். பையன் கட் பண்ணியிருக்கான், இப்பக் கூப்புடுவான், அவங்கிட்டக் கேட்டுக்கலாம்னு சொல்லிப்போட்டு, போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் ஆட்டைக் கட்டிப்போட்டு வர்றதுக்குள்ள...”

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. “உனக்கு அன்னைக்கு டூட்டி போல. நீ என்ன பண்ணுவே சாமி” என்றாள். நான் தலையாட்டினேன். விரல் செய்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடங்களில் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதெல்லாம் எவ்வளவு நேரம் பேசினாலும் தனியாகக் காசு போவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் அம்மா நம்புவதில்லை. அவள் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன், அவளுக்கு அது பிடிப்பதில்லை.

“எதுக்கு சாமி எடுத்தே? கட் பண்ணு. நீ கூப்புடற வரைக்கும் நான் போனை மடியிலயே வெச்சிருக்கேன்.”

“வேண்டாம்மா,” என்கிறேன். “இப்பவே பேசு.”